முப்பதும் முந்நூறும்

ராசிபுரம் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வருவார்கள். மிளகும் சீரகமும் மல்லியும் மலிவாகவும் நயமாகவும் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வரும் சந்தை பேளுக்குறிச்சியில்தான் கூடுகிறது. காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 10 மீட்டர், சாலை சமதளம், தார் காய்ந்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பும் காருக்கு அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டு விசை வேண்டும். அந்த விசையைக் கொடுக்க எஞ்சினாலும் ஆகாது, ஸ்டியரிங்காலும் ஆகாது. ஒவ்வொரு டயருக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரின் உராய்வுதான் அதைக் கொடுக்கிறது. சாதாரண டயர் காய்ந்த தாரில் தரக்கூடிய பிடிமானமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே 30 என்பது அந்த வளைவின் கழுத்து வரைக்கும் வந்துவிட்ட வேகம். 36-க்கு ஏற்றினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. தேவைப்படும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அவ்வளவு பிடிமானம் அங்கே கிடையாது.

இப்போது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டேடோனா தடத்துக்குப் போவோம். 1959-ல் திறக்கப்பட்ட அந்த நீள்வட்டத் தடத்தின் வளைவுகள் 31 பாகை சாய்வாகக் கட்டப்பட்டவை. ஆரம் சுமார் 305 மீட்டர். அங்கே ஸ்டாக் கார் எனப்படும் பந்தய வண்டி மணிக்கு 300 கிலோமீட்டரில் திரும்புகிறது. காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல், வெறும் இயக்கவியலை வைத்துப் பார்த்தால், வண்டியைத் தளத்தோடு சேர்த்து அழுத்தும் விசை அதன் எடையைப்போல் இரண்டு மடங்காகிறது. சரிவின் வழியே உராய்வு தாங்க வேண்டியது எடையின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது 0.72. கொல்லிமலை வளைவில் 30-ல் திரும்பும் கார் தன் டயரிடம் கேட்பது 0.71. முப்பதும் முந்நூறும் ரப்பரிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. பார்க்கிறவர்களை மலைக்க வைக்கும் வேகத்தைத் தருவது தடத்தின் ஆரமும் சாய்வும். ஓட்டுநரின் கைக்கு வருவது, இருக்கிற பிடிமானத்தில் எவ்வளவை எந்த நொடியில் எதற்குச் செலவழிப்பது என்ற கணக்கு ஒன்றுதான். ஸ்டாக் கார் ஓட்டுநரின் தொழில் என்பது இந்தச் செலவுக் கணக்கைப் பல்லாயிரம் முறை பிசகாமல் போடும் தொழில். துணிச்சலும் வேகமான அனிச்சையும் அதற்கு உதவலாம், ஆனால் அவை அதன் சாரம் ஆகா. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

இந்தப் பந்தயம் பிறந்ததே மலைச்சாலையில் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள அப்பலாச்சிய மலைகளில், மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகு வரி ஏய்ப்புக்காகவும், கள்ளச் சாராயத்தை இரவோடு இரவாகக் காரில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். வெளியே பார்த்தால் கடையில் விற்கும் கார். உள்ளே எஞ்சினும் ஸ்பிரிங்கும் மாற்றியமைத்தவை. துரத்தும் அதிகாரிகளிடமிருந்து தப்ப வேண்டும், பின்னால் ஏற்றியிருக்கும் பாரம் வளைவில் வண்டியைக் கவிழ்த்துவிடவும் கூடாது. அந்த ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்தடங்களில் போட்டி போட்டார்கள். 1948 பிப்ரவரியில் பில் பிரான்ஸ் என்பவர் இதையெல்லாம் ஒரே விதிமுறைக்குள் கொண்டுவந்து நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்கு விற்பனைக்கு இருப்பில் உள்ள வண்டி என்றே பொருள். இன்றைய வண்டிக்கும் கடை வண்டிக்கும் வெளித்தோற்றத்தில் மட்டுமே உறவு. உள்ளே குழாய்களால் பற்றவைத்த எஃகுக் கூடு. சாராயம் கடத்தியவரும் சிறைக்குப் போய்வந்தவருமான ஜூனியர் ஜான்சன், நாஸ்காரின் 50 பந்தயங்களில் வென்றார். 1960 டேடோனா பந்தயத்தில் தன் வண்டி மற்றவற்றைவிட வேகம் குறைந்தது என்று தெரிந்ததும், வேகமான வண்டியின் வாலை ஒட்டிப் போனால் முன்வண்டி கிழித்த காற்றின் நிழலில் தன் வண்டியும் அதே வேகத்தில் போகும் என்று கண்டுகொண்டு, அதை வைத்தே வென்றார். நெடுஞ்சாலையில் பேருந்தின் பின்னால் ஒட்டிப் போகும் பைக் ஓட்டுபவருக்கும் இந்த நிழல் தெரியும்; அங்கே அது ஆபத்து என்பது வேறு விஷயம்.

நம் மண்ணிலிருந்து இந்தத் தொழிலுக்குள் கால்வைத்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். நரேன் 1992-ல் பிரான்சில் ஓட்டுநர் பள்ளியில் பயின்றார்; 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார்; 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். 2010 மார்ச்சில், 33 வயதில், வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்காரின் டிரக் தொடரில் 60-ஆம் எண் செவர்லே வண்டியை ஓட்டினார். இந்தியாவில் பிறந்த ஒருவர் நாஸ்காரில் ஓட்டியது அதுவே முதல் முறை. அந்தப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்த இடம் 13. அந்த ஆண்டில் ஒன்பது பந்தயங்கள் ஓட்டினார். ஆண்டு இறுதியில் அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் என்று ரசிகர்கள் வாக்களித்து விருது கொடுத்தார்கள். விருது ரசிகர்களின் அன்பைக் காட்டுகிறது; அதைக் கொண்டு ஓட்டும் திறனை எடைபோட முடியாது. திறனை எடைபோட அந்த 13-ஆம் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். உலகின் மிக நுட்பமான பந்தய வண்டியை ஓட்டிப் பழகியவருக்கு, பழைய முறையில் செய்த கனத்த டிரக்கில், இடப்பக்கம் மட்டுமே திரும்பும் சின்னத் தடத்தில், முதலிடம் ஏன் எளிதில் கிடைக்கவில்லை?

மார்ட்டின்ஸ்வில் ஒரு சுற்றுக்கு 847 மீட்டர். காகிதம் கோக்கும் கிளிப்பைப் போன்ற வடிவம்: இரண்டு நீளமான நேர்ப்பகுதிகள், இரு முனையிலும் இறுக்கமான திருப்பம். கொண்டை ஊசி என்று நாம் சொல்வதற்கு அமெரிக்கத் தடங்களில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் குறைவு. சாய்வு 12 பாகை மட்டும். வளைவின் ஆரத்தைச் சுமார் 60 மீட்டர் என்றும் பந்தய டயரின் பிடிமானத்தை 1 என்றும் வைத்தால், சமதளத்தில் மணிக்கு 87 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. 12 பாகைச் சாய்வு அதை 108 ஆக்குகிறது. நேர்ப்பகுதியின் முடிவில் வண்டி 190-ஐத் தொட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் அடித்துப் பிரேக் போட வேண்டும். ஒன்றரை டன் வண்டியை 190-லிருந்து 100-க்குக் கொண்டுவந்தால் சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். 250 சுற்றுக்கு இரண்டிரண்டாக 500 முறை. இதைக் கொல்லிமலையோடு ஒப்பிட்டால்தான் அளவு புரியும். பத்து டன் எடையுள்ள லாரி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது சுமார் 9.8 கோடி ஜூலைக் கழிக்கிறது. 330 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. மார்ட்டின்ஸ்வில்லில் 500 பிரேக்கையும் கூட்டினால் சுமார் 75 கோடி ஜூல் வரும். இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் தட்டில் இறங்குகிறது. மாலை மங்கும் நேரத்தில் அந்தத் தட்டுகள் கொல்லன் உலையில் போட்ட இரும்பைப்போல் சிவந்து தெரியும்.

மலையிறங்கும் லாரி ஓட்டுநர் இந்த வெப்பத்தை எப்படிச் சமாளிக்கிறார்? ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது நம் ஓட்டுநர்களிடம் வழிவழியாக வரும் பாடம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைக் காலால் தொட்டுத் தொட்டு விடலாம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடாகிப் பிடிப்பை இழக்கும். பெடல் காலுக்குக் கீழே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. மார்ட்டின்ஸ்வில்லில் செய்வதும் இதே சிக்கனம்தான். முதல் நூறு சுற்றில் எதிராளியைவிட ஒரு வண்டி நீளம் தாமதமாகப் பிரேக் பிடித்து முந்துகிறவர், கடைசி ஐம்பது சுற்றில் பிடிக்கப் பிரேக் இல்லாமல் நிற்பார். ஃபார்முலா ஒன் வண்டியின் கரிம இழைப் பிரேக்குகள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். அந்த வண்டி எடை குறைந்தது. வேகத்தில் காற்றே அதைத் தரையோடு அழுத்துகிறது. அங்கே தாமதமாகப் பிரேக் பிடிப்பது புத்திசாலித்தனம். அதே பழக்கத்தை எஃகுத் தட்டுக்கும் கனத்த டிரக்குக்கும் கொண்டுவந்தால் அது ஊதாரித்தனம். நரேன் 2010-ல் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது இந்தப் பழக்கத்தை. முதல் முயற்சியிலேயே 13-ஆம் இடம் பிடித்ததை நான் மதிப்புக்குரிய தேர்ச்சி என்றே படிக்கிறேன்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வரலாம். இடப்பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயத்தில் அப்படி என்ன திறமை? இந்தக் கேள்விக்கு உள்ளே ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: ஒரே திருப்பம் என்றால் ஒரே வேலை. டயரின் இயல்பு தெரிந்தால் இந்த ஊகம் நிற்காது. ஒரு டயரிடம் உள்ள பிடிமானம் ஒரே பானைச் சோறு. பிரேக்கும், திருப்பமும், ஆக்ஸிலரேட்டரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டும். மொத்தம் 100 என்றால், பிரேக்குக்கு 60 எடுத்த நொடியில் திருப்பத்துக்கு 80 மிஞ்சும். பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணக் கணக்கு இது. பிரேக்குக்கு 80 எடுத்தால் திருப்பத்துக்கு 60. நூறையும் பிரேக்கே விழுங்கிவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகும். மலைச்சாலையில் பதறிப்போய் பிரேக்கை முழுதாக மிதித்தவரின் வண்டி, சக்கரம் திரும்பியிருந்தும் எதிரே உள்ள தடுப்புச் சுவரில் நேரே போய் இடிப்பது இதனால்தான். நல்ல ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் அளவுக்குச் சரியாக ஸ்டியரிங்கை ஏற்றுகிறார். ஒன்றில் விட்டதை ஒன்றில் பிடிக்கிறார். இந்தக் கைமாற்றம் முழுவதும் ஓரிரு நொடிக்குள் முடிகிறது.

அந்தப் பானையின் அளவும் நிலையாக இருப்பதில்லை. டயர் தேயத் தேய, சூடேறச் சூடேறப் பிடிமானம் குறைகிறது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வருவதால் வண்டியின் எடையும், எடை எந்தச் சக்கரத்தில் விழுகிறது என்பதும் மாறுகின்றன. மேகம் மூடினால் தளம் குளிர்ந்து வேறு மாதிரி ஆகிறது. முதல் சுற்றின் இடத்திருப்பமும் இருநூறாவது சுற்றின் இடத்திருப்பமும் வேறு வேறு. பந்தய டயர் மொட்டையாக, பட்டையே வெட்டாமல் இருப்பதும் இங்கே கவனிக்கத் தக்கது. நம் ஊரில் மொட்டை டயர் என்றாலே ஆபத்து. மழையில் தண்ணீரை விலக்கப் பள்ளம் இல்லாததால் அந்த அச்சம் சரியே. காய்ந்த தடத்தில் கதை வேறு: பள்ளம் இல்லாத டயரில் அதிக ரப்பர் தரையைத் தொடுகிறது. நீள்வட்டத் தடங்கள் பெரும்பாலானவற்றில் மழை பெய்தால் பந்தயத்தை நிறுத்திவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இடப்பக்கம் மட்டும் திரும்புவதற்காக வண்டியையே கோணலாகச் செய்கிறார்கள் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நுணுக்கம். வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்துத் தரையில் உருட்டிப் பாருங்கள். அது நேரே ஓடாமல் வட்டமடிக்கும். வண்டியும் அப்படியே, ஸ்டியரிங்கைத் தொடாவிட்டாலும் இடப்பக்கம் சாய விரும்பும். நேர்ப்பகுதியில் அதை நேராகப் பிடித்துவைப்பதே ஒரு வேலை. வளைவில் பின்பக்கம் வெளியே விலகினால் ‘லூஸ்’ என்றும், முன்பக்கம் திரும்ப மறுத்தால் ‘டைட்’ என்றும் ஓட்டுநர் வானொலியில் தன் குழுவுக்குச் சொல்வார். அடுத்த நிறுத்தத்தில் குழுவினர் டயர் காற்றழுத்தத்தைச் சிறிதளவு மாற்றுவார்கள், அல்லது பின்கண்ணாடியில் உள்ள துளை வழியே ஸ்பானரை விட்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சுற்று திருகுவார்கள். எந்த வளைவில், நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா, எவ்வளவு லூஸ் என்று உட்காரும் இடத்தால் உணர்ந்து வார்த்தையால் சொல்லத் தெரியாதவருக்கு இந்தத் தொழிலில் நீண்ட வாழ்வு இல்லை. கருவியில் அளக்க முடியாத ஒன்றை உடம்பில் வாங்கி மொழியில் தருவது எளிய வேலையா?

சாய்தளமும் டயரும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு நரேனின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று உண்டு. அது தொலைக்காட்சியில் உலகமே பார்த்த சான்று. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்க கிராண்ட் பிரி பந்தயம் இண்டியானாபோலிஸில் நடந்தது. அங்கே ஃபார்முலா ஒன் வண்டிகள் பழைய நீள்வட்டத் தடத்தின் ஒரு சாய்வான வளைவை எதிர்த்திசையில், முழு வேகத்தில் கடக்க வேண்டும். அதன் சாய்வு ஒன்பது பாகையைச் சற்றே தாண்டும். டேடோனாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனாலும் சாய்வில் திரும்பும்போது வண்டியின் சொந்த எடைக்குமேல் ஒரு பாரம் டயரின் பக்கச்சுவரில் ஏறுகிறது, பக்கவாட்டு விசையும் அதே நேரத்தில் இழுக்கிறது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடப்பக்கப் பின்டயர் அந்த வளைவில் கிழிந்து வண்டி சுவரில் மோதியது. மிஷலின் நிறுவனம் தன் டயர்கள் அந்த வளைவைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்பது அந்த ஆண்டின் விதி. கடைசியில் மிஷலின் டயர் போட்ட 14 வண்டிகளும் அணிவகுப்புச் சுற்றோடு உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. அதில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. பிரிட்ஜ்ஸ்டோன் பிழைத்ததற்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது: அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன்தான் அதே தடத்தில் சில வாரங்களுக்கு முன் நடந்த இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்தது. புதிதாகச் சாணை பிடித்த அந்தத் தளம் ரப்பரை என்ன செய்யும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆறு வண்டிப் பந்தயத்தில் வந்த நான்காம் இடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வென்ற இடத்தின் மதிப்பைப் பற்றி அவர்கள் சொல்வது சரியே. அன்று நடந்ததன் அறிவியல் மதிப்பு அதனால் குறைவதில்லை: இருபது ஓட்டுநர்களில் 14 பேரின் திறமையும் துணிச்சலும், உள்ளங்கை அகல ரப்பர் தாங்காது என்றதும் செல்லாக் காசாயின.

அப்படியானால் எல்லாம் எந்திரத்தின் வேலைதானே, உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்ற அடுத்த ஆட்சேபம் எழும். உடம்பிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் முன்னால் கொதிக்க, புகைக்குழாய் காலடித் தளத்துக்குக் கீழே போக, ஸ்டாக் காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தொடும். தீப்பிடிக்காத தடித்த உடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இறங்கும்போது இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகப் போயிருக்கும். உடலில் நீர் குறைந்தால் கவனம் சிதறும் என்பது வயல்வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆட்சேபத்துக்கு உண்மையான பதில் கண்ணில் இருக்கிறது. 1994-ல் மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடின்பரோ நகரத்தில் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றைச் சுற்றி வளைந்து செல்லும் சாலையில், ஓட்டுநரின் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி பொருத்திப் பதிவு செய்தார்கள். வளைவுக்குள் நுழைவதற்கு ஓரிரு நொடி முன்பே கண் வளைவின் உள்விளிம்பில் ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்தது. சாலையின் உள்ஓரம் பார்வைக்கோட்டைத் தொட்டு விலகும் புள்ளி அது. அந்தப் புள்ளி எந்தக் கோணத்தில் தெரிகிறதோ, அதிலிருந்தே சாலை எவ்வளவு வளைகிறது என்று மூளை கணித்து, கைக்கு ஸ்டியரிங் அளவைச் சொல்கிறது. அந்தக் குன்றுச் சாலையில் பார்த்ததைக் கொல்லிமலை ஓட்டுநரின் கழுத்திலும் பார்க்கலாம். கொண்டை ஊசிக்கு முன்னால் அவர் தலை பக்கவாட்டில், ஏறக்குறைய தோளுக்கு மேல் திரும்பி, மேலே உள்ள சாலையைத் தேடும். சக்கரம் பிறகுதான் திரும்பும்.

லேண்ட் பின்னர் பெஞ்சமின் டாட்லருடன் சேர்ந்து ஒரு பந்தய ஓட்டுநரை வைத்தும் ஆராய்ந்தார். 2001-ல் அது வெளியானது. பந்தயக்காரரின் தலை திரும்பும் கோணம், ஏறத்தாழ ஒரு நொடிக்குப் பிறகு வண்டி திரும்பப்போகும் வேகத்தோடு ஒத்துப்போனது. அவர் கண்ணெதிரே தெரிவதற்கு எதிர்வினை செய்யவில்லை. தடத்தை மனத்தில் வைத்து, இன்னும் நடக்காததை முன்கூட்டியே உடம்பால் வரைந்துகொண்டிருந்தார். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 83 மீட்டர். மனிதன் ஒன்றைக் கண்டு கையை அசைக்க எடுக்கும் கால் நொடியில் 20 மீட்டர் போயிருக்கும். அனிச்சையை நம்பி ஓட்ட அங்கே இடமே இல்லை. இதற்குத் தொழில் வாழ்க்கையின் நீளமே சாட்சி. அனிச்சைதான் சாரம் என்றால் இருபது வயதுக்காரர்கள்தான் வெல்ல வேண்டும். 2009-ல் நாஸ்காரின் மேல்நிலைத் தொடரில் 19 வயது ஜோயி லோகானோ ஒரு பந்தயத்தை வென்றது உண்மை. அதே ஆண்டில் மார்க் மார்ட்டின், 50 வயதில், ஐந்து பந்தயங்களை வென்று ஆண்டுப் பட்டியலில் இரண்டாமிடம் பிடித்தார் என்பதும் உண்மை. ஹாரி கான்ட் 1992-ல் 52 வயதில் வென்றார். ரிச்சர்ட் பெட்டி 1958 தொடங்கி 1992 வரை ஓட்டி 200 வெற்றிகள் சேர்த்தார். ஓட்டப் பந்தயத்திலோ பேட்மின்டனிலோ இப்படி ஒரு பட்டியலை எழுத முடியாது.

இன்னோர் ஆட்சேபம் மற்றவற்றைவிடக் கனமானது. மலைச்சாலையையும் பந்தயத் தடத்தையும் இப்படி ஒரே இயற்பியலில் கட்டினால், இரவில் பைக்கை எடுத்துக்கொண்டு 70 வளைவையும் நேரம் பார்த்து ஏறும் இளைஞர்களுக்கு அது ஊக்கம் ஆகாதா? இயற்பியல் ஒன்றுதான்; பிழைக்கான விலை ஒன்றல்ல. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். ஏழு முறை பட்டம் வென்றவர் அவர். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நாஸ்கார் மூன்று ஓட்டுநர்களை இழந்திருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர்இயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், தோளில் அமர்ந்து ஹெல்மெட்டை வாரால் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் என்ற கழுத்துக்கவசத்தை 1980-களிலேயே வடிவமைத்திருந்தார். அசௌகரியம் என்று பலர் அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2001 அக்டோபரில் தலையைக் கட்டும் கவசம் கட்டாயமானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவான, எஃகுக் குழாய்க்குப் பின்னால் நுரைக் கட்டிகளை வைத்த மெத்தைச் சுவர் 2002-ல் இண்டியானாபோலிஸில் முதலில் வந்தது, பின் மற்றத் தடங்களுக்குப் பரவியது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அந்த மேல்நிலைத் தொடரின் பந்தயங்களில் ஓர் ஓட்டுநரும் இறக்கவில்லை. தடத்தில் எதிரே வண்டி வராது. எல்லோரும் ஒரே திசை. ஆம்புலன்ஸ் நிமிடக் கணக்கில் வரும். காரவள்ளிப் பாதையில் வளைவுக்கு அப்பால் அரசுப் பேருந்து அகலம் பிடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும், பலாப்பழம் ஏற்றிய வண்டி இறங்கிக்கொண்டிருக்கும், தடுப்புச் சுவர் இடுப்பு உயரம், அதற்கு அப்பால் பள்ளம். மழைத் தூறலில் பிடிமானம் 0.4-க்கு விழுந்தால் அதே வளைவின் எல்லை வேகம் 30-லிருந்து 22-க்கு வந்துவிடும். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரிக்கு வழுக்கும் எல்லைக்கு முன்பே கவிழும் எல்லை வந்துவிடும். பந்தய ஓட்டுநர் எல்லையைத் தொட்டு ஓட்டுவது, அதைத் தாண்டினாலும் உயிர் தப்பும்படி பிறர் கட்டிவைத்திருப்பதால். அந்தக் கட்டுமானம் இல்லாத இடத்தில் எல்லைக்கு வெகு தூரம் உள்ளே நிற்பதுதான் அதே அறிவின் கட்டளை.

கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சில் தனி உரிமை உண்டு. லாரித் தொழிலே அதன் முதுகெலும்பு. பாடி கட்டும் பட்டறையிலிருந்து டேங்கர் லாரிகள் வரை நாடு முழுக்க அதன் பெயர் ஓடுகிறது. 2014-ல் டாடா மோட்டார்ஸ் கிரேட்டர் நொய்டாவின் புத்த் சர்வதேசத் தடத்தில் லாரிப் பந்தயம் தொடங்கியபோது ஓட்டியவர்கள் வெளிநாட்டு வீரர்கள். 2016-ல் இந்திய லாரி ஓட்டுநர்களிலிருந்தே ஆள் தேர்ந்து பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். பாரத்தோடு மலை இறங்கிய காலுக்குப் பிரேக்கின் சிக்கனம் ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தை அந்த முயற்சியில் நான் பார்க்கிறேன். அதைப் பெரிதாக வளர்க்காமல் விட்டது நம் இழப்பு. தமிழ்நாட்டில் பந்தயம் புதிதல்ல. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார்கள் ஓடின. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-ல் வந்தது. குறைந்த செலவில் பந்தய வண்டிகளை உள்ளூரிலேயே கட்டிக் காட்டிய கரிவரதன் பெயரால் கோவை செட்டிப்பாளையத்தில் ஒரு தடம் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் ஏற ஒரு குடும்பத்துக்குப் பணம் வேண்டும், பிறகு விளம்பரதாரர் வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அது வெளியே தெரியாது. இந்தத் தொழிலின் மிகக் கொடிய வடிகட்டி உராய்வல்ல, காசு. நரேனுக்கும் நாஸ்கார் ஓர் ஆண்டோடு நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார், பின்பு ஜப்பான் போனார். அங்கே 2019 நவம்பரில், ஃபூஜி தடத்தில், ஜப்பானின் சூப்பர் ஜிடி வண்டிகளும் ஜெர்மனியின் டிடிஎம் வண்டிகளும் மோதிய பந்தயத்தில், கூரை மூடிய ஹோண்டா ஒன்றை ஓட்டி முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.